ஒரு பாட்டு, பத்தாயிரம் ரூபாய்: ராமநாதபுரம் கரையிலிருந்து பாடுபவர் எதில் செலவிடலாம்?

பாட்டு பதிவாகிவிட்டது. மிக்சிங் முடிந்து வேவ் ஃபைல் கையில் இருக்கிறது. ஸ்டுடியோவுக்கும் உறுமிக்காரருக்கும் கொடுத்தது போக மிச்சம் பத்தாயிரம் ரூபாய். இதை விளம்பரத்தில் போடுவதா, ரீல்ஸ் போடுபவர்களிடம் கொடுப்பதா, ‘பிளேலிஸ்ட்டில் ஏற்றித் தருகிறோம்’ என்று இன்பாக்ஸில் வந்து நிற்பவரிடம் கொடுப்பதா, இல்லை ஒரு இசைக் கம்பெனியிடம் பாட்டையே ஒப்படைத்துவிடுவதா? தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன், சாயல்குடி என இந்தக் கரையிலிருந்து சொந்தமாகப் பாட்டு வெளியிடுபவர்கள் வந்து நிற்கும் முச்சந்தி இதுதான்.

சென்னையில் இருப்பவருக்குச் சொல்லும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது. இந்தப் பாட்டைக் கேட்க வேண்டியவர்களில் பலர் துபாயிலும் தோஹாவிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர் படகேறினால் சிக்னல் கிடையாது. பென்டிரைவில் இருப்பதுதான் பாட்டு. இந்த இரண்டையும் கணக்கில் கொள்ளாமல் போடும் பணம் கடலில் கொட்டிய பணம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், திரும்பக் கேட்பவர் எத்தனை பேர் என்பது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏறிவிடும். அந்த எண்ணை வைத்து மகிழ ஒன்றுமில்லை. பாட்டைத் தன் பட்டியலில் சேமித்தவர் எத்தனை பேர் என்பதே பேசும் எண். ‘ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ பக்கத்தில் கேட்டவர், சேமித்தவர் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். நூறு பேர் கேட்டு இருபது பேர் சேமித்தால் பாட்டு ஆளைப் பிடிக்கிறது என்று பொருள். ஐந்துக்கும் கீழே என்றால் தவறான ஆட்களிடம் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பாட்டின் முதல் அரை நிமிடத்தில் ஏதோ கோளாறு. இது எங்கள் கைக்கணக்குதான், தளம் வகுத்த விதி அல்ல.

இரண்டாவது, கேட்பவர் எந்த ஊர்க்காரர். மூன்றாவது, பணம் நின்ற மறுநாள் என்ன மிஞ்சுகிறது. நான்காவது, பாட்டுக்கும் கணக்குக்கும் ஆபத்து உண்டா. ஐந்தாவது உங்கள் நேரம். பகலில் கருவாட்டுக் கடையோ ஆட்டோவோ பார்ப்பவருக்கு இந்தக் கடைசி அளவுகோல் சிறியதல்ல.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம் வராத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. பலரைப் போலி ஸ்ட்ரீம் வாங்கத் தூண்டுவது இந்த ஆயிரம்தான். பயப்பட வேண்டிய எண் அல்ல அது. நூறு பேர் மாதத்துக்கு ஒருமுறை கேட்டாலே ஆண்டுக்கு 1,200 ஆகிவிடும். குறைந்தபட்சம் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் தனித்தனி ஆட்கள் கேட்டிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அதனால் வீட்டில் இரண்டு போனில் இரவெல்லாம் சுழலவிடுவது செல்லாது.

## எந்த வழியானாலும் முதலில் இது

பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் இடைநிறுவனமான டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் பாட்டு ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்ற தளங்களுக்குப் போகாது. டிஸ்ட்ரோகிட் போன்றவை ஆண்டுச் சந்தா முறை. சந்தா நின்றால், தனியாகக் கட்டணம் கட்டி வைத்திருந்தால் ஒழிய, பாட்டு இறங்கிவிடும். சிடி பேபியில் ஒருமுறை கட்டணம், பிறகு வருமானத்தில் 9 சதவீதம். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் கட்டணமே இல்லை, வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் போடுபவருக்குக் கமிஷன் முறை நல்லது. மாதம் ஒன்று போடுபவருக்குச் சந்தா மலிவு. ஜியோசாவனுக்கும் காலர் டியூனுக்கும் அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இந்தக் கரையில் காலர் டியூன் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தை பான் எண்ணோடு நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவுடன் உள்ள ஒப்பந்தப்படி நிரப்பினால் 15.

ஏற்றும்போது அடிக்கடி நடக்கும் பிழைகள் நான்கு:

- பெயர். உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு பாடகர் இருந்தால் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பழைய பாட்டு இருந்தால் உங்கள் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து ஏற்றுங்கள். முதல் பாட்டானால் ‘புதிய கலைஞர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
- தலைப்பு. கேட்பவர் தேடுவது வாயில் நிற்கும் வரியைத்தான். தலைப்பு ஒன்றாகவும் பல்லவி வேறாகவும் இருந்தால் ரீல்ஸில் பிடித்துப்போனவர்கூடப் பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதும் எழுத்துக்கூட்டலும் எல்லாத் தளத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.
- கன்டென்ட் ஐடி. உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் முறை இது. இணையத்தில் எடுத்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டு), விலைக்கு வாங்கிய பொது பீட் எதுவும் பாட்டில் இருந்தால் அதை இயக்காதீர்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய வேறொருவரின் வீடியோவை உங்கள் பெயரில் பிடித்து வம்பாகும். சொந்தமாக வாசித்ததுதான் என்றால் இயக்கலாம். ஆனால் உங்கள் சொந்தச் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் உங்கள் வீடியோ மீதே உரிமைக் கோரல் வந்து விழும்.
- ஐ.எஸ்.ஆர்.சி. எண். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய 12 எழுத்து அடையாளம் அது. பின்னாளில் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் அதே எண்ணைக் கொடுங்கள். புது எண் வாங்கினால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு ஒட்டாமல் போகலாம்.

கடற்கரையின் பழைய பாட்டு எதையேனும் எடுத்துப் பாடினால் ஒரு வார்த்தை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, முளைக்கொட்டுக் கும்மி, ஒப்பாரி ஆகியவற்றின் மெட்டுக்கு உங்கள் பெயரை இசையமைப்பாளராகப் போடாதீர்கள். ‘பாரம்பரியம்’ என்று குறியுங்கள். பாடித் தந்தவர் பாசி எடுக்கும் அம்மாவோ கரைவலை இழுக்கும் தாத்தாவோ, அவர் பெயர் பாடகராக வரவேண்டும். பங்கு எத்தனை சதவீதம் என்பது தாளில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலரிடம் வருமானத்தைப் பிரித்தனுப்பும் வசதி உண்டு. அவரிடம் வங்கிக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், நீங்கள் வாங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். இதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

## வழி 1: காசில்லாத விண்ணப்பம்

வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிட்டால், ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்டுகளுக்குப் பாட்டுத் தேர்வு செய்யும் எடிட்டர்களுக்குப் பாட்டை நேரடியாக முன்வைக்கலாம். குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும். வெளியான பாட்டை அனுப்ப வழியில்லை. ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான். குறிப்பு எழுதும் இடத்தில் ‘அருமையான பாட்டு’ என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். என்ன மொழி வழக்கு, என்ன வாத்தியம், எதைப் பற்றிய பாட்டு, வெளியீட்டு வாரத்தில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

எடிட்டர் எடுக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் இந்த வேலையை விடக்கூடாது. ஏழு நாள் முன்பு அனுப்பிய பாட்டு, உங்களைப் பின்தொடர்பவர்களின் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் வந்துவிடும். அது வெள்ளிக்கிழமை தோறும் புதுப்பிக்கப்படுவது. கத்தார், சவுதி, குவைத்தில் வெள்ளி வார விடுமுறை. நம் ஆட்கள் அறையில் போனோடு இருக்கும் நாள். அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஆகவே இந்தக் கரைப் பாட்டுக்கு வெள்ளி வெளியீடு இரண்டு விதத்தில் பொருந்துகிறது.

மறைந்திருக்கும் செலவு நான்கு வாரக் காத்திருப்பு மட்டுமே. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்புதான் பாட்டு முடிந்தது என்றால் இந்த வழி கிடையாது.

## வழி 2: காசு வாங்கும் பிளேலிஸ்ட்

இன்பாக்ஸில் வரும் பேரம் பெரும்பாலும் ஒரே மாதிரி: இவ்வளவு ரூபாய்க்கு இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம், உறுதி. உறுதி என்ற அந்தச் சொல்லே எச்சரிக்கை மணி. உண்மையான மனிதர் கேட்பதற்கு யாராலும் உறுதி தர முடியாது. ஸ்ட்ரீமுக்கு உறுதி கூறிக் காசு வாங்குவது ஸ்பாட்டிஃபை விதிக்கு எதிரானது. போலி என்று தெரிந்தால் எண்ணிக்கையைக் குறைப்பார்கள், ராயல்டியை நிறுத்துவார்கள். 2024 முதல் அப்பட்டமான போலிக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று தண்டமும் வசூலிக்கிறார்கள். அவர் அதை உங்கள் தலையில் கட்டுவார், இல்லையென்றால் பாட்டையே இறக்கிவிடுவார்.

இதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாதது. தளத்தின் பரிந்துரை முறை, உங்கள் பாட்டைக் கேட்டவர் வேறு என்ன கேட்கிறார் என்று பார்த்து அடுத்தவருக்கு நீட்டுகிறது. கேட்டது எங்கோ ஒரு நாட்டில் சுழலும் பொய்க் கணக்குகள் என்றால், பாட்டு யாருக்கானது என்பதே தளத்துக்குக் குழம்பிவிடும். அதை நேராக்க மாதங்கள் ஆகும்.

பட்டியல் நல்லதா என்று பார்க்க ஒரு வழி: அதில் உள்ள ஐந்து அறிமுகமில்லாத பாடகர்களின் பக்கத்தைத் திறந்து, அவர்களை அதிகம் கேட்கும் நகரங்கள் எவை என்று பாருங்கள். தமிழ்ப் பாடகருக்குச் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் எதுவுமே இல்லாமல் சம்பந்தமற்ற அயல்நாட்டு நகரங்களாக வரிசைகட்டி நின்றால் கதவை மூடிவிடுங்கள்.

சப்மிட்ஹப், குரூவர் போன்ற தளங்கள் வேறு ரகம். அங்கே காசு கொடுப்பது கேட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு. இடம் கிடைப்பதற்கு அல்ல. முறையானவைதான். ஆனால் தமிழ்ப் பட்டியல் வைத்திருப்பவர் அங்கே குறைவு. வாத்திய இசையோ மின்னணு இசையோ செய்பவர் 500 ரூபாய்க்கு முயன்று பார்க்கலாம். தப்பும் உறுமியும் கலந்த மீனவப் பாட்டுக்கு வேண்டாம்.

## வழி 3: இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரம்

சரியாகச் செய்தால் பலன் தரும், தவறாகச் செய்தால் சத்தமில்லாமல் பணத்தைத் தின்னும் வழி. அதனால் கொஞ்சம் விரிவாகவே.

‘பூஸ்ட்’ பொத்தானைத் தொடாதீர்கள். அது லைக்கும் பார்வையும் வாங்கித் தரும், கேட்பவரைத் தராது. போதாததற்கு, செயலியின் நூலகத்திலிருந்து பாட்டு வைத்த ரீலை பூஸ்ட் செய்ய அனுமதிப்பதில்லை. ஆட்ஸ் மேனேஜருக்குப் போய், ஃபீச்சர் எஃப்.எம்., லிங்க்ஃபயர் போன்ற இணைப்புப் பக்கம் ஒன்றை உருவாக்கி, அதில் இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் பிக்சலை (யார் எதைச் சொடுக்கினார் என்று கணக்கெடுக்கும் சிறு நிரல்) பொருத்துங்கள். விளம்பரத்தைத் தொட்டவர் அந்தப் பக்கத்தில் ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன் என்று ஒன்றைத் தேர்ந்து சொடுக்குவதைத்தான் இலக்காக வைக்க வேண்டும். வெறும் ‘டிராஃபிக்’ இலக்கு வைத்தால் தவறுதலாக விரல் பட்டவர்களை எல்லாம் மெட்டா கொண்டுவந்து கொட்டும்.

வீடியோ மூன்று போதும். நிமிர்ந்த வடிவம், 12 முதல் 15 விநாடி, பாட்டின் வலுவான வரி முதல் இரண்டு விநாடிக்குள் வந்துவிட வேண்டும். பாம்பன் பாலத்தை டிரோனில் எடுத்த காட்சி கண்ணுக்கு அழகு, ஆனால் எல்லாரும் பார்த்துச் சலித்தது. வலை பின்னும் கை, ஐஸ் பெட்டி இறங்கும் காலை, பாடுபவரின் முகம் ஆகியவை ஆளை நிறுத்தும்.

இடத்தைத் தேர்வதில்தான் இந்தக் கரைக்காரர் ஏமாறுகிறார். ராமேஸ்வரத்தை மையமாக வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போட்டால் வட்டத்தின் பெரும்பகுதி கடல். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, தொண்டி என்று தனித்தனியாகக் குத்துங்கள். வேலைக்குப் போனவர்கள் இருக்கும் திருப்பூரையும் சென்னையையும் சேருங்கள். வெளிநாடுகளை இதே தொகுப்பில் கலக்காதீர்கள். கலந்தால் எங்கே சொடுக்கு மலிவோ அங்கேயே மெட்டா பணத்தை இறக்கிவிடும். துபாய்க்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. ஒரு நாளைக்கு 250 ரூபாய்தான் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டவும் வேண்டாம். முதல் 7 நாள் தமிழ்நாடு. அடுத்த 7 நாள் அமீரகம், கத்தார், சிங்கப்பூர், மலேசியாவில் தமிழ் மொழி வைத்திருப்பவர்கள். அங்கே ஒரு சொடுக்குக்கு விலை கூடுதல். ஆனால் ஒரு ஸ்ட்ரீமுக்கு வரும் தொகையும் இந்தியாவைவிட அங்கே கூடுதல்.

கணக்கு: 250 × 14 = 3,500. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630 ரூபாய். மொத்தம் 4,130. பலர் மறப்பது இந்த வரியைத்தான். கணக்கில் செலவு வரம்பு வைத்துவிடுங்கள், யு.பி.ஐ.யில் முன்பணமாக ஏற்றிக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. முதல் மூன்று நாள் எதையும் மாற்றக்கூடாது, மெட்டாவின் விளம்பர முறை பழகட்டும். ஐந்தாம் நாள் மூன்று வீடியோவில் மோசமானதை அணையுங்கள்.

இந்தப் பணம் ராயல்டியாகத் திரும்பி வராது. இந்தியாவில் ஒரு ஸ்ட்ரீமுக்குக் கிடைப்பது பைசாக் கணக்கு. நீங்கள் வாங்குவது அடுத்த பாட்டையும் கேட்கப்போகும் ஆட்களை. அடுத்த பாட்டு கையில் இல்லாதவர் விளம்பரத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

## வழி 4: ரீல்ஸ் போடுபவர்கள்

2020-இல் டிக்டாக் தடையான பிறகு குறுவீடியோ என்றால் இங்கே ரீல்ஸும் ஷார்ட்ஸும்தான். லட்சம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு மொத்தமாகக் கொடுப்பதைவிட, மீன்பிடி, கருவாடு, சமையல், படகு வேலை என்று போடும் உள்ளூர்க் கணக்குகள் ஏழெட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது மேல். ஒருவர் சொதப்பினாலும் மற்றவர் நிற்பார்கள்.

பாட்டு இன்ஸ்டாகிராம் நூலகத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். ஏற்றும்போது அந்தத் தளத்தைத் தேர்வு செய்து, துணுக்கு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்பதையும் குறித்திருக்க வேண்டும். ஏறாத நிலையில் ஒருவர் ரீல் போட்டால் அது அவரது ‘ஒரிஜினல் ஆடியோ’ ஆகிவிடும். நூறு பேர் அதை எடுத்தாலும் உங்கள் பாட்டுக்குப் போய்ச் சேராது. இந்த ஒரு பிழையால் வீணான ரீல்கள் ஏராளம். வணிகக் கணக்கு வைத்திருப்பவருக்கு முழு இசை நூலகமும் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பிலேனும் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த நாள், எந்தத் துணுக்கு, விளக்கத்தில் பாட்டின் பெயர், குறைந்தது 30 நாள் அழிக்காமல் வைத்திருப்பது, பாதிப் பணம் முன்னால் பாதி பின்னால். காசு வாங்கிப் போடும் ரீலில் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது விளம்பரத் தர மன்றம் 2021-இல் கொண்டுவந்த நெறி. அதை மறைக்கச் சொல்லாதீர்கள்.

## வழி 5: ஊர் வழி

மைக்செட்காரர், மினிபஸ் டிரைவர், படகு டிரைவர். இவர்களுக்கு பென்டிரைவில் 320 கே.பி.பி.எஸ். எம்பி3 கொடுப்பதுதான் இந்தக் கரையின் பழைய விளம்பரம். முளைப்பாரி, ஏர்வாடி சந்தனக்கூடு, அந்தோணியார் தேர்பவனி, கல்யாண வீடு என்று பாட்டு ஒலிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஃபைலின் பெயரிலேயே பாடியவர் பெயரும் இருக்கட்டும்.

ஒரே குறை: மைக்செட்டில் ஆயிரம் பேர் கேட்டாலும் தளத்தில் பூஜ்யம்தான். அதனால் பாலம் வேண்டும். டீக்கடை, சலூன், ஐஸ் கம்பெனி வாசலில் க்யூ.ஆர். ஸ்டிக்கர், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு இணைப்பு. அனுப்பும் நேரம் முக்கியம். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்; கத்தாரும் சவுதியும் இரண்டரை மணி பின்னால்; சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி முன்னால். இரவு பத்தரைக்கு அனுப்பினால் வளைகுடாவில் வேலை முடிந்து சாப்பிடும் நேரம். சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்தக் குழுவுக்கு மாலை ஆறரைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் வீட்டில், சிக்னலுக்குள். உள்ளூர்க்காரரை நம்பிய பாட்டுக்கு அதுவே நல்ல காலம். ஆனால் அப்போது வீடுகளில் கைக்காசு குறைவு. கட்டண நிகழ்ச்சி எதையும் அதனோடு சேர்க்க வேண்டாம்.

## வழி 6: கம்பெனியிடம் கொடுப்பது

பக்திப் பாட்டோ இஸ்லாமியப் பாட்டோ ஆகி, அந்த வகைக்கென்றே உண்மையான சந்தாதாரர்கள் உள்ள சேனல் கேட்டால் யோசிக்கலாம். நேரம் அறவே இல்லாதவருக்கும் இது பொருந்தும். கையெழுத்துக்கு முன் காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் ஆயுள் வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு. ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தாளில் ‘நிரந்தரம்’, ‘உலகம் முழுதும்’ என்று அச்சடித்து நீட்டுகிறார்கள். மூன்று ஆண்டு என்று திருத்தக் கேளுங்கள். பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் இருவருக்கும் ராயல்டியில் உள்ள சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது, பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பதிந்துகொண்டால் அதை வசூலிக்க வழி உண்டு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | மறைந்த செலவு | பணம் நின்ற பின் மிஞ்சுவது | யாருக்கு |
|---|---|---|---|
| விண்ணப்பம் | நான்கு வாரம் | பின்தொடர்பவருக்குத் தானாகப் போய்ச் சேரும் | எல்லாருக்கும் |
| உறுதி ஸ்ட்ரீம் | தண்டம், பாட்டு இறங்கும் ஆபத்து | சேதம் மட்டும் | யாருக்கும் வேண்டாம் |
| விளம்பரம் | 18% வரி, பழகும் நேரம் | சேமித்தவர் பட்டியல் | மூன்று பாட்டாவது உள்ளவர், வெளிநாட்டில் கேட்பவர் உள்ளவர் |
| ரீல்ஸ் | பேரம், நினைவூட்டல் | நூலகத்தில் ஏறியிருந்தால் தொடர்ந்து ரீல் | ஒரு வரியில் பிடிக்கும் பாட்டு |
| ஊர் வழி | அலைச்சல் | மேடைக்கு அழைப்பு | முதல் பாட்டு, திருவிழாப் பாட்டு |
| கம்பெனி | உரிமை | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | நேரமில்லாதவர், பக்திப் பாட்டு |

முதல் பாட்டு என்றால் எங்கள் பிரிப்பு இது: விண்ணப்பம் இலவசம், ஊர் வழிக்கு 2,500, ரீல்ஸுக்கு 3,000, மீதி 4,500-ஐத் தொடாமல் இரண்டாம் பாட்டுக்கு வையுங்கள். நான்காவது பாட்டு என்றால் விளம்பரம் 4,130, ரீல்ஸ் 3,500, ஊர் வழி 2,000. கையில் 370 மிஞ்சும். திருவிழாவுக்கென்று செய்த பாட்டுக்கு விளம்பரமே வேண்டாம். மைக்செட்டும் ரீல்ஸும் போதும், அடுத்த ஆண்டு அதே மாதம் மறுபடி எழும்பும்.

வெளியாகி 28-ஆம் நாள் சேமித்தவர் எண்ணைப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பாட்டுக்கு இன்னொரு ரூபாய் போடாதீர்கள். இருபதைத் தொட்டிருந்தால் எந்த நகரத்தில் அதிகம் கேட்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த ஏழு நாள் விளம்பரத்தை அந்த ஊருக்கு மட்டும் ஓட்டுங்கள்.